உருளைக்குள் இரும்பு

பழைய கப்பல் சாமான் வாங்கப் போகிறவன் சட்டைப்பையில் ஒரு காந்தம் இருக்க வேண்டும். தூத்துக்குடியில் பழைய இரும்புக் கடைகளிலும் கிட்டங்கிகளிலும் "நூறு வருசத்துச் சாமான்" என்று எடுத்துக் காட்டுவதில் பாதி போன வருடம் செய்தது. இரும்பில் செய்து, மேலே பித்தளை முலாம் பூசி, உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, பச்சை பிடித்ததும் கோணியில் சுற்றிக் கொண்டுவருவார்கள். கடைக்காரர் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் சாமானைத் தடவிப் பார்ப்பதுபோல் தடவுவேன். விரலிடுக்கில் காந்தம் இருக்கும். இரும்பாக இருந்தால் இழுக்கும். பித்தளை சும்மா இருக்கும்.

நான் எட்டாம் வகுப்பை முடிக்கவில்லை. வீட்டைவிட்டு ஓடி லாரியில் கிளீனராக இருந்தேன். குஜராத் கடற்கரையில் கப்பல் உடைக்கிற வேலைக்குப் போய், கால் பெருவிரல் ஒன்றை அங்கே விட்டுவிட்டு வந்தேன். பிறகு தூத்துக்குடியில் தோணி ஏறினேன். மரத்தில் கட்டிய சரக்குத் தோணி. மாலத்தீவுக்கு வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு போவோம்.

அந்தத் தோணியில்தான் முதல் செக்ஸ்டன்டைப் பார்த்தேன். நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோய், காற்றும் இல்லாமல், நீரோட்டம் எங்களை எங்கோ இழுத்துக்கொண்டு போயிற்று. வானம் மூடிக் கிடந்தது. எங்கே இருக்கிறோம் என்று யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதை நிறுத்திவிட்டோம். சோறு ஆக்கினால் தின்ன ஆளில்லை. மேகம் கொஞ்சம் விலகியதும், தோணியை நடத்துகிற தண்டல் ஒரு மரப்பெட்டியைத் திறந்து அந்தக் கருவியை எடுத்தார். கைக்கு அடங்குகிற பித்தளைச் சட்டம், இரண்டு சின்னக் கண்ணாடி, ஒரு குட்டித் தொலைநோக்கி, கீழே பிறை மாதிரி வளைந்த அளவுகோல். சூரியனைக் கண்ணாடியில் பிடித்து இறக்கி, கடல் விளிம்பில் உட்கார வைத்தார். சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பிறையில் பார்த்தார். கணக்குப் போட்டார். "இங்கன இருக்கோம்" என்று வரைபடத்தில் விரலை வைத்தார்.

கரை பக்கத்தில் வந்துவிடவில்லை. இன்ஜினும் ஓடவில்லை. ஆனாலும் அன்றைக்கு எல்லோரும் சோறு தின்றோம்.

அதற்குப் பிறகு எந்தக் கடையில் அப்படி ஒரு பெட்டியைப் பார்த்தாலும் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை. கணக்குப் போட எனக்கு வராது. சூரியனைப் பிடித்து இறக்க மட்டும் வரும். வாடகை டெம்போ ஓட்டி மிச்சம் பிடிப்பதெல்லாம் செக்ஸ்டன்டாகவும், திசைகாட்டியாகவும், பாரோமீட்டராகவும் வீட்டுச் சுவரில் ஏறிவிட்டது. வீடு என்றால் வாடகைக்கு எடுத்த ஓர் அறை, ஒரு அடுப்படி. சிவகாசியிலிருந்து சாத்தூர் போகிற பாதையில், கடலே கண்ணில் படாத கரிசல் காட்டு ஊர். என் மனைவிக்குச் சொந்த ஊர். அவள் பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டுகிறாள்.

"கடல் இல்லாத ஊர்ல கப்பலக் கட்டிக்கிட்டு இருக்கீக. மழ பேஞ்சு வெள்ளம் வந்தா நம்ம வீடு மட்டும் மிதக்கும்" என்பாள்.

இந்த ஊரில் இதையெல்லாம் வைத்திருப்பதற்குச் சில முறைகள் உண்டு. தொலைநோக்கிகளின் கண்ணாடியைக் கழற்றித் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட வேண்டும். ஜன்னல் வெயிலில் ஒரு குவிகண்ணாடி கிடந்தால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தூக்கம் வராது. கப்பல் திசைகாட்டிக்குள் ஸ்பிரிட் ஊற்றியிருப்பார்கள், ஊசி அதில்தான் மிதக்கும். அதை முழுக்க வடித்த பிறகுதான் வீட்டுக்காரர் உள்ளே கொண்டுபோக விட்டார். என் திசைகாட்டிகள் எல்லாம் ஊசி சாய்ந்து, செத்த மீன் மாதிரி கிடக்கின்றன. பரவாயில்லை. இங்கே தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால், எல்லோரும் கையில் இருப்பதை அப்படியே நிறுத்திவிட்டு, தங்கள் வீட்டு ஆள் இப்போது எந்தக் கம்பெனியில், எந்த அறையில் இருப்பார் என்று நினைப்பார்கள். அப்புறம்தான் சத்தம் எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். அந்தப் பயத்தில் நானும் ஒரு ஆள் ஆகிவிட்டேன்.

கம்பெனிக்குள் இரும்பு போகக் கூடாது. இரும்பு உரசினால் பொறி பறக்கும். பொறி பட்டால் அவ்வளவுதான். சேலையில் குத்திய ஊக்கு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் பெண்கள் உள்ளே போவார்கள். உள்ளே இருக்கும் கத்தி, கரண்டி, சுத்தி எல்லாம் பித்தளை, இல்லாவிட்டால் மரம். அறை வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உடம்பில் உள்ள மின்சாரம் இறங்கிப் போக அதைத் தொட்டுவிட்டு நுழைய வேண்டும். என் மனைவி சின்னப் பிள்ளையிலிருந்து அந்தப் பேச்சில் வளர்ந்தவள். மஞ்சளாகப் பளபளக்கிற ஒன்றைப் பார்த்தால் அவள் முகமே இளகிவிடும். என் சாமான்களில் அவள் மரியாதை வைத்திருந்ததே அவை பித்தளை என்பதற்காகத்தான்.

போன தீபாவளி சீசனுக்கு முன்னால் ஓர் உருட்டு ரூலர் வாங்கி வந்தேன். கடல் வரைபடத்தில் கோடு போடுவதற்கு உள்ளது. ஒன்றரை முழ நீளத்தில் கனமான பித்தளைப் பட்டை, அடியில் இரண்டு முனையிலும் கட்டைவிரல் மொத்தத்துக்கு இரண்டு உருளை. தள்ளினால் கோணாமல் அப்படியே நேராக உருண்டு போகும். கடையிலேயே காந்தம் சொல்லிவிட்டது. பட்டை நல்ல பித்தளை, உருளை இரண்டும் இரும்பு. பழைய உருளை தேய்ந்துபோய் யாரோ இரும்பில் கடைந்து, முலாம் பூசி மாட்டியிருக்கிறார்கள். வழுக்காமல் இருக்க உருளை முழுக்கச் சுரசுரவென்று பல் வெட்டியிருந்தது. பட்டையின் வேலைப்பாட்டுக்காக வாங்கிவிட்டேன். வீட்டில் ஆணியில் மாட்டினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, குத்துவிளக்கு தேய்க்கும்போது அதையும் சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். பழைய சாமானில் ஏறிய கறுப்புத்தான் அதன் வயது. அதைத் தேய்த்துவிட்டால் நேற்றுச் செய்தது மாதிரி ஆகிவிடும். நான் சத்தம் போட்டேன்.

"எண்ணெய்ப் பிசுக்கோட தொங்குச்சு, தேச்சேன். என்னமோ கோயில் நகையத் திருடுன மாதிரி கத்துறீக!" என்றாள். பிறகு அதைத் தரையில் வைத்து உருட்டினாள். நேராகப் போயிற்று. மறுபடி உருட்டினாள். "அம்புட்டு அழகாப் போகுதே" என்றாள்.

நான் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பேச்சு அத்தோடு நின்றது.

சீசன் சூடு பிடித்தது. அவளுடைய கம்பெனியில் திரி ஒரே நீளத்துக்கு வருவதில்லை என்று தினமும் போர்மேன் கத்துவதாகச் சொன்னாள். திரி என்றால் வெடிமருந்து தடவிக் காயவைத்த நூல். அதைக் கத்தையாகப் பலகையில் போட்டு, மரச்சட்டத்தால் அமுக்கிக்கொண்டு பித்தளைக் கத்தியால் வெட்ட வேண்டும். சட்டம் விலகும், நீளம் மாறும். இதை நான் காதில் வாங்கிக்கொண்டு டெம்போவுக்குக் காற்று அடிக்கப் போய்விட்டேன்.

அந்த நாள் காலை தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினேன். டெம்போ ரிப்பேருக்காகப் பட்டறையில் நின்றது. தோளில் ஒரு மரப்பெட்டி, அதற்குள் ஒரு செக்ஸ்டன்ட். அதன் பிறையில் வெள்ளித் தகடு பதித்திருந்தது. காந்தம் எந்த இடத்திலும் அசையவில்லை. வழியெல்லாம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, புதுப் பெண்டாட்டி மாதிரி பார்த்துக்கொண்டே வந்தேன். மாட்ட இடம் தேடிச் சுவரைப் பார்த்தபோது உருட்டு ரூலரின் ஆணி வெறுமனே இருந்தது.

அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. வாசலில் சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டேன்.

"அந்த உருட்டுறதா? காலையில உம் பொண்டாட்டி கூடைக்குள்ள வச்சுக் கொண்டு போனாளே. திரிக்கத்தைய அமுக்கி உருட்டிக்கிட்டே வெட்டலாமாம், ஒரே அளவா வருமாம். வெவரமானவப்பா."

இரும்புப் பல் வைத்த இரண்டு உருளை, மருந்துத் திரி மேல், அமுக்கி, உருட்டி. அவள் போனுக்கு அடித்தேன். அடுப்படி அலமாரியில் அது பாடியது. போனைக் கம்பெனிக்குக் கொண்டுபோகக் கூடாது என்று அவள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவாள். அந்தப் பாட்டு முடியும்வரை நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றது இப்போதும் காதில் இருக்கிறது.

வீட்டுக்காரரின் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பெட்டி தோளில் தொங்குவதுகூட நினைவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உடை முள்மரங்களுக்கு நடுவே பாதை கானலில் நெளிந்தது. வெயில் ஏற ஏற மருந்து சொன்ன பேச்சுக் கேட்காது என்று எல்லோருக்கும் தெரியும். பாதி வழியில் ஒரு சத்தம் கேட்டது. வண்டி என் கையில் ஆடியது. டீக்கடையில் நின்றவர்கள் அத்தனை பேரும் டம்ளரோடு வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்கள். நான் புகை தேடினேன். புகை இல்லை.

"கல்குவாரில வெடி போட்டிருக்கான்!" என்று ஒருத்தர் சொன்னார். எல்லோரும் உள்ளே போனார்கள். நான் வண்டியை முறுக்கினேன்.

கம்பெனி வாசலில் வாட்ச்மேன் கையை நீட்டி மறித்தார். என்னைத் தெரிந்தவர்தான்.

"வண்டிய அங்கன போடுங்க. செருப்பு. போனு. அதென்ன பெட்டி?"

"அண்ணே, காலையில அவ ஒரு ரூலர் கொண்டாந்தாளா?"

"ஆமா, நாந்தான் பாத்து உள்ள விட்டேன். பித்தளைதான?"

"உருளை இரும்புண்ணே."

வாட்ச்மேன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கத்திறாதீக" என்றார் முதலில். "ஓடிறாதீக. உள்ள ஒரு ஆளு ஓடுனா அம்புட்டுப் பேரும் ஓடும். கையில இருக்கிறதப் போட்டுட்டு ஓடும்."

அவர் போர்மேனைக் கூப்பிடப் போனார், அவரும் நடந்துதான் போனார். போர்மேன் வந்ததும் என் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். பாலியஸ்டர். அதில் மின்சாரம் ஏறும், உள்ளே ஆகாது. கழற்றி வாட்ச்மேன் கையில் கொடுத்தேன். காந்தத்தையும் கொடுத்தேன். வெறும் உடம்போடு, பருத்தி வேட்டியோடு, மாமியார் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் பார்க்க, அந்த மணல் பாதையில் நடந்தேன். அறைகள் தள்ளித் தள்ளித்தான் இருக்கும், ஒன்று வெடித்தால் மற்றது பிழைக்க. அவள் அறை கடைசி வரிசையில். நடக்கிறதைவிட வேகமாகப் போகக் கூடாது என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

சங்குசக்கரப் பட்டாசு சுற்றும் அறையிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். என் மனைவிக்கு அக்கா முறை. "என்ன மாப்ளே, சட்டைய வித்தும் கப்பல் சாமான் வாங்கிட்டீகளா?" என்று கேட்டாள். உள்ளே சிரிப்புச் சத்தம். நான் சிரித்தேன். சிரிக்க முடிந்தது ஆச்சரியம்தான்.

அறைக்கு நாலு பக்கமும் வாசல். செம்புத் தகட்டைத் தொட்டேன். உள்ளே ரப்பர் விரிப்பில் நாலு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவிக்கு முன்னால் பலகை, பலகையில் கறுப்புத் திரிக் கத்தை, அதன் மேல் என் ரூலர். இரண்டு கையாலும் அமுக்கித் தள்ளினாள். கர்ரென்று ஒரு சின்னச் சத்தம். கத்தியை வைத்து வெட்டினாள். ஒரே அளவாக விழுந்தது. மறுபடி கையை ரூலர் மேல் வைத்தாள்.

போர்மேன் என் முழங்கையைப் பிடித்தார். கூப்பிடாதே என்று அர்த்தம். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவாள், திரும்பினால் கை இழுக்கும். என் நிழலைப் பலகை ஓரத்தில் பார்த்து அவளாகத்தான் நிமிர்ந்தாள்.

"என்ன, இப்படி வந்து நிக்கிறீக? சட்ட எங்க? எங்க அம்மாவுக்கு ஏதும் ஆச்சா?"

"ஒண்ணுமில்ல. அத அப்படியே வச்சிட்டு இங்கன வா."

"இந்தா, இந்தக் கத்தைய முடிச்சிட்டு வாரேன்" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு தடவை உருட்டினாள்.

கர்ர்.

நான் கண்ணை மூடவில்லை. மூடினால் திறக்கும்போது எதைப் பார்ப்பேன் என்று பயம்.

"போதும்மா" என்றார் போர்மேன், தன் மகளிடம் பேசுவதுபோல. "கைய மேல தூக்கு. ரூலரு அங்கனயே கெடக்கட்டும். எல்லாரும் மெதுவா எந்திரிங்க. டீ குடிக்கப் போவோம்."

டீ நேரம் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். சேலையை ஒதுக்கிக்கொண்டு, கால் எதிலும் படாமல், ஒவ்வொருத்தியாக வெளியே வந்தார்கள். என் மனைவி கடைசியாக வந்தாள். எல்லோரும் வேப்பமரத்தடிக்கு நடந்தோம். அங்கே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விரலெல்லாம் மருந்துக் கறுப்பு.

போர்மேன் அந்த ரூலரை யாரையும் எடுக்க விடவில்லை. ஒரு குவளையில் தண்ணீர் கொண்டுபோய், கத்தை மேலும் உருளை மேலும் சொட்டுச் சொட்டாக விட்டார். எல்லாம் ஊறிய பிறகு ஈரக் கோணியில் ஏந்திக்கொண்டு வந்து மரத்தடியில் வைத்தார். வெட்டிய திரி அத்தனையும் வீண். வாட்ச்மேன் என் காந்தத்தைக் கொண்டுவந்தார். போர்மேன் அதை வாங்கி உருளைப் பக்கத்தில் கொண்டுபோனார். அவர் கையிலிருந்து துள்ளிப் போய் ஒட்டிக்கொண்டது. உருளையின் பல்லுக்கு இடையில் மருந்து அடைந்து மை மாதிரி கசிந்தது. தேய்ந்த இடங்களில் மஞ்சள் போய் வெள்ளை இரும்பு தெரிந்தது.

என் மனைவி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

"பித்தளைன்னுல்ல நெனச்சேன்" என்றாள். "நானே தேச்சேனே. தங்கமா மின்னுச்சே."

யாரும் அவளைத் திட்டவில்லை. வாசலில் பார்த்து விட்டவர் வாட்ச்மேன். காலையில் அதை உருட்டிப் பார்த்து, "நல்லாருக்கே, எல்லாருக்கும் ஒண்ணு வாங்கணும்" என்று சொன்னவர் போர்மேன். திட்ட ஆளில்லை.

போர்மேன் காந்தத்தைத் திருப்பித் தரவில்லை. கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அப்புறம் கருவிகளை ஒவ்வொன்றாக மெதுவாக மரத்தடிக்குக் கொண்டுவரச் சொன்னார். கத்திகள், கரண்டிகள், தட்டுகிற சுத்திகள். எல்லாம் மஞ்சள். ஒவ்வொன்றாகக் காந்தத்தை ஓட்டினார். கத்தி ஒட்டவில்லை. கரண்டி ஒட்டவில்லை. பெண்கள் ஒவ்வொன்றுக்கும் மூச்சு விட்டார்கள். ஒரு சுத்தியில் காந்தம் நின்றது. சாய்த்துப் பார்த்தார், விழவில்லை.

அது சரம் கட்டும் அறையின் சுத்தி. அதைத் தினமும் பிடிக்கிறவள் என்னைக் கேலி செய்த அக்காவின் மருமகள். அவள் தன் வலது கையைப் பார்த்தாள். பிறகு அதைச் சேலையில் துடைத்தாள். திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

அன்றைக்கு வேலையை நிறுத்தி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாசலில் என் சட்டையை வாங்கினேன். வாட்ச்மேன் செக்ஸ்டன்ட் பெட்டியைத் தன் ஸ்டூலுக்கு அடியில் வைத்து, மேலே துண்டை நனைத்துப் போட்டு மூடியிருந்தார்.

"தொறந்து பாத்தேன், கண்ணாடியா இருந்துச்சு. வெயிலு படக் கூடாதுல்ல" என்றார்.

மொபெட்டில் என் மனைவி பின்னால் உட்கார்ந்து வந்தாள். ஊர் வருகிற இடத்தில், "எத்தன தடவ உருட்டிருப்பேன்" என்று என் முதுகுக்குச் சொன்னாள். கேள்வி மாதிரி இல்லை. வீட்டுக்கு வந்து சோறு போட்டாள். இரண்டு பேருக்கும் இறங்கவில்லை.

வேறு வேலை பார்க்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "இங்கன வேற என்ன வேல இருக்கு, உங்க கப்பல்ல கூட்டிட்டுப் போறீகளா?" என்றாள். மறுநாள் காலையில் ஒயர்கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ரூலரை இரும்புக் கடைக்குப் போட மனம் வரவில்லை. வேறு எவனாவது தேய்த்துப் பளபளவென்று விற்பான், வேறு எவளாவது பித்தளை என்று நம்பி வாங்குவாள். கொல்லையில் ஒரு பழைய மண்பானையில் தண்ணீர் ஊற்றி அதற்குள் போட்டு வைத்திருக்கிறேன். தண்ணீர் வற்றினால் ஊற்றுகிறேன். இப்போது உருளை முழுக்கத் துருப் பிடித்துச் செம்மண் நிறமாகிவிட்டது. இனி யாரும் அதைப் பித்தளை என்று நினைக்க மாட்டார்கள்.

காந்தம் அவளிடம்தான் இருக்கிறது. புதுக் கருவி வந்தால் வாசலில் வைத்தே பார்க்க வேண்டும் என்று போர்மேன் அவளைத்தான் அதற்குப் போட்டிருக்கிறார். காலையில் கிளம்பும்போது வாசலில் நின்று கூடையைத் திறந்து எனக்குக் காட்டுகிறாள். தூக்குவாளி, தண்ணீர் பாட்டில், துண்டு. தூக்குவாளி மூடியில்கூடக் காந்தத்தை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு, "பாத்துக்கிட்டீகளா?" என்பாள். பார்த்துக்கொண்டேன் என்பேன்.

அவள் தெரு முனை திரும்பியதும் உள்ளே வந்து சுவரைப் பார்க்கிறேன். ஒவ்வொரு ஆணியிலும் சாமான் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன். எல்லாம் இருக்கும். அதற்குப் பிறகும் டெம்போவை உடனே எடுப்பதில்லை. வாசலில் நின்று, கம்பெனி இருக்கிற திசையில் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பேன்.